மூன்று மணி நேரம்

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விழுந்த குடும்பங்கள், பம்பாயின் தாராவியானாலும் செம்பூரானாலும், முதலில் கேட்பது இதுதான்: “தப்பு நடந்துபோச்சு. ஆனா ஆயுள் ரொம்ப அதிகம் இல்லையா?”

கொலை என்று முடிவானபின் ஆயுளுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவானாலும், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமானாலும், தூக்கு அல்லது ஆயுள்தான். தண்டனை குறைய வேண்டுமானால், நடந்தது கொலைக்குற்றமே ஆகாது, திடீர்ச் சண்டையிலோ கடும் ஆத்திரமூட்டலிலோ நிதானம் தவறி நேர்ந்த மரணம் என்று அப்பீலில் நிலைநாட்ட வேண்டும்.

ஆத்திரம் என்று சொன்னால் மட்டும் போதாது. இதே பம்பாயில் 1959 ஏப்ரல் 27 அன்று கடற்படை அதிகாரி கவாஸ் நானாவதி, மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். மனைவி உண்மையைச் சொன்னது மதியம் ஒன்றரை மணி வாக்கில். அவர் மனைவி மக்களைச் சினிமாவில் விட்டார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார். அந்த மனிதரை ஆபீஸில் தேடி, பிறகு வீட்டுக்குப் போனார். சுடும்போது நாலு இருபது. ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தும், ஹைகோர்ட் ஆயுள் விதித்தது. ஆத்திரம் தணிய அந்த மூன்று மணி நேரம் போதும் என்று 1961இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. செத்தவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

ஆனால் நானாவதிக்குப் பின்னால் கடற்படை நின்றது, பிளிட்ஸ் பத்திரிகை நின்றது. 1964இல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பும் வழங்கினார். கூலிக்காரர் மகனுக்கு யார் நிற்பார்கள்? அதற்குத்தான் 1978இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் வழி காட்டினார். மகாராஷ்டிர வழக்குதான் அது. தீர்ப்பு நகல் கைக்கு வராமலே கைதிக்கு வருஷங்கள் ஓடியிருந்தன. நகலை உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும். வசதியில்லாத கைதிக்கு அரசே வக்கீல் வைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

செஷன்ஸ் தீர்ப்பிலிருந்து ஹைகோர்ட் போக 60 நாள், தூக்கு என்றால் 30. தவறினாலும் காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம். ஜெயில் வழியாகவே மனு போடலாம். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று. சண்டை எப்படி மூண்டது, கத்தி கொண்டுவந்ததா, அங்கேயே கிடந்ததா, எத்தனை குத்து — இவை கீழ்க்கோர்ட்டிலேயே பதிவாக வேண்டும். அப்பீலில் புதுச் சாட்சியை எளிதில் ஏற்கமாட்டார்கள். பார்த்தவர்கள் பயந்து ஒதுங்காமல், விசாரணை நடக்கும்போதே கூண்டேறிச் சொல்லுங்கள்.