கொலம்போவை மறுபடியும் பார்ப்பவர்கள்



துப்பறியும் கதையை ஒரு முறை படித்தவர்கள் அதை மறுமுறை எடுப்பதில்லை என்பார்கள். கொலை செய்தவன் யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்து வரவில்லை. அந்தத் தொடரின் பெயர் 'கொலம்போ'. அது ஒளியேறத் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பல நாடுகளில் அதைத் தேடிப்பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் நடந்த விவகாரத்தைப் பேசுவதுபோல் அதைப் பேசுகிறார்கள். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரண்டு எழுத்தாளர்கள் உருவாக்கிய பாத்திரம் கொலம்போ. லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸில் லெப்டினன்ட். பீட்டர் ஃபால்க் என்ற நடிகர் 1968-ல் ஒரு தனிப் படத்தில் இந்த வேடத்தை ஏற்றார். 1971-ல் தொடர் முறையாகத் தொடங்கியது. 1978-ல் நின்றது. 1989-ல் மறுபடியும் தொடங்கி 2003 வரை அவ்வப்போது வந்தது. எல்லாம் சேர்த்து 69 கதைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு திரைப்படத்தின் நீளம். பீட்டர் ஃபால்க் 2011-ல் காலமானார்.

இதில் வரும் கதைகளின் அமைப்பே வேறு. கொலையாளி யார் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடும். திட்டம் போடுவதையும், கொலை செய்வதையும், தடயத்தை அழிப்பதையும் நாமே பார்க்கிறோம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கொலம்போ வருகிறார். இந்த முறை இவர்களாகக் கண்டுபிடித்ததன்று. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-லேயே இப்படிப்பட்ட கதைகளை நூலாக வெளியிட்டிருக்கிறார். ஆனால் இதைத் தொலைக்காட்சியில் வேரூன்றச் செய்தவர் கொலம்போதான். யார் செய்தது என்ற கேள்வியே இல்லாததால், தெரிந்த கதை என்று சலித்துக்கொள்ள இதில் இடமில்லை. முதல் தடவையே நமக்குத் தெரிந்த கதைதானே!

கொலம்போவின் தோற்றத்தைச் சொல்ல வேண்டும். கசங்கிய மழைக்கோட்டு; அது ஃபால்க்கின் சொந்தக் கோட்டு. கையில் மலிவான சுருட்டு. எந்த நிமிடம் நின்றுபோகுமோ என்று தோன்றும் பழைய பெஷோ கார். பெயர் வைக்காத ஒரு சோம்பேறி நாய். இவர் போய் நிற்பதோ பெரிய மாளிகைகளின் வாசலில். கொலை செய்தவர்கள் எல்லாரும் பேர் பெற்ற டாக்டர், வழக்கறிஞர், நடிகை, எழுத்தாளர், முதலாளி. இவரைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பங்களா வாசலில் நின்று பேசிய அனுபவம் உள்ள நம்மவர்களுக்கு அந்தச் சிரிப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கொலம்போ அதற்காக முகம் சுளிப்பதில்லை. தலையைச் சொறிவார், பென்சில் இரவல் கேட்பார், தம் மனைவி சொன்ன ஒரு கதையைச் சொல்வார். போய்விட்டார் என்று அவர்கள் மூச்சு விடும்போது வாசலில் திரும்பி, இன்னும் ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன் என்பார். அந்த ஒன்றுதான் ஆளைத் தூக்கத்தைவிட்டு எழுப்பும்.

மறுபடி பார்ப்பவர்களுக்குள் முதல் விவாதம் இதுதான்: கொலம்போவுக்கு எந்த நேரத்தில் தெரிந்தது? முதல் தடவை பார்க்கும்போது நம் கண் கொலையாளியின்மீது இருக்கும். மாட்டுவானா, தப்புவானா என்றுதான் பார்ப்போம். இரண்டாம் தடவை கண் கொலம்போவின்மீது போகிறது. 1971-ல் வந்த ஒரு கதை. இயக்கியவர் அப்போது இருபத்து நான்கு வயது இளைஞரான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். சேர்ந்து நூல் எழுதும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிடுகிறார். பிறகு, தம் வீட்டுப் புல்வெளியில் அந்தப் பிணத்தை அப்போதுதான் கண்டதுபோல் போலீஸைக் கூப்பிடுகிறார். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அன்று வந்த கடிதங்களை அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். கூட இருந்த நண்பன் வாசலில் செத்துக் கிடக்கும்போது எவருக்கு ஐயா கடிதம் பிரிக்கக் கை வரும்? கொலம்போ அதைக் கண்டுவிட்டார். நாமும் அதே இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் கண்ணில் படவில்லை.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்த பகுதி, துப்பு கிடைக்கும் இடந்தான். விஞ்ஞானக் கூடமும் பூதக்கண்ணாடியும் இங்கே அதிகம் இல்லை. 1974-ல் வந்த ஒரு கதை. உடற்பயிற்சிக் கூடங்களின் முதலாளி ஒருவர் ஓர் ஆளைக் கொன்றுவிட்டு, உடற்பயிற்சி செய்யும்போது எடைக்கம்பி விழுந்து செத்ததாகக் காட்டுகிறார். அதற்காகப் பிணத்துக்குப் பயிற்சி உடுப்பையும் காலணியையும் தாமே மாட்டிவிடுகிறார். அகப்பட்டது காலணிக் கயிற்றில். நம் காலணியை நாமே கட்டும்போது முடிச்சு ஒரு பக்கமாக விழும். எதிரே உட்கார்ந்து இன்னொருவருக்குக் கட்டும்போது அது மறுபக்கமாக விழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காலையில் காலணி கட்டிவிடும் எந்தத் தாயும் இதை நாளைக்கே சோதித்துப் பார்க்கலாம். பால்மரத்தில் விழுந்த வெட்டைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லும் பெரியவர்கள் தோட்டங்களில் உண்டல்லவா? அந்த வகையான கண்தான் கொலம்போவுக்கு.

1973-ல் வந்த திராட்சை மதுக் கதையைப் பல இரசிகர்கள் தலைசிறந்தது என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். மதுத் தொழிலில் உயிரையே வைத்திருக்கும் ஒருவர். நடித்தவர் டோனல்ட் பிளசன்ஸ். அந்த நிலத்தையும் தொழிலையும் விற்கப் போகிறேன் என்கிறான் தம்பி. ஆத்திரத்தில் அவனை அடித்துவிடுகிறார். மயங்கிக் கிடப்பவனைக் கட்டி மதுக்கிடங்கில் போட்டு, குளிர்காற்று இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, நியூயார்க் போய்விடுகிறார். உள்ளே காற்றில்லாமல் அவன் சாகிறான். திரும்பி வந்து, கடலில் முக்குளிக்கப் போய் இறந்ததாக ஏற்பாடு செய்துவிடுகிறார். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாட்களில் ஒருநாள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேலே போய்விட்டது. குளிர்ச்சி இல்லாத கிடங்கில் இருந்த விலைமதிப்பற்ற மது முழுவதும் கெட்டுப்போயிற்று.

கொலம்போவுக்கு மதுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களிடம் போய்ப் பணிவாகக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார். பிறகு அந்தக் கிடங்கிலிருந்தே ஒரு புட்டியை எடுத்து, ஓர் உணவகத்தில் அந்த மனிதருக்கே ஊற்றிக் கொடுக்கச் செய்கிறார். ஒரு வாய் வைத்ததுமே அவர் கொதித்து எழுகிறார்: இது கெட்டுப்போன சரக்கு! அது தம்முடைய கிடங்குச் சரக்கு என்று அவருக்குத் தெரியாது. அவருடைய தேர்ந்த நாக்கே அவருக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. கடைசியில் அவரைக் கொண்டுபோகும் வழியில் கொலம்போ காரை நிறுத்தி, நல்ல மது ஒன்றை இருவருக்கும் ஊற்றுகிறார். சரியான மதுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று அந்தக் கொலையாளி பாராட்டுகிறார். கொலம்போவின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி நடிப்பென்று சொல்ல முடியாது. தொழில் தெரிந்தவன் வாயால் வரும் ஒரு சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

சில இரசிகர்கள் படத்தை அங்கங்கே நிறுத்தி வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள். கொலம்போவின் முதற்பெயரைத் தொடரில் எவரும் சொல்வதில்லை. ஒரு காட்சியில் அவர் காட்டும் அடையாள அட்டையை நிறுத்திப் பார்த்து, அதில் 'ஃபிராங்க்' என்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பெயர் விஷயம் நீதிமன்றம் வரை போனது ஒரு வேடிக்கை. ஃபிரெட் வொர்த் என்பவர் பொது அறிவுத் துணுக்குகளைத் தொகுத்து நூல் வெளியிட்டார். தம் நூலைத் திருடினால் கண்டுபிடிப்பதற்காகக் கொலம்போவின் பெயர் 'ஃபிலிப்' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை அதில் போட்டு வைத்தார். பிறகு 'டிரிவியல் பர்சூட்' என்ற வினாவிடை விளையாட்டில் அதே பொய் வந்தது. 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். உலகத்து விவரங்கள் எவருக்கும் தனிச்சொத்து ஆகா என்று வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. கொலம்போவின் மனைவியோ ஒரு கதையிலும் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு கப்பல் கதையில் கூடவே பயணம் வந்திருக்கிறார், அப்போதும் காணோம்!

இனி, பலமான விவாதத்துக்கு வருவோம். கொலம்போ பொறி வைத்துப் பிடிக்கிறாரே, அது நியாயமா?

1974-ல் வந்த புகைப்படக்காரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியைக் கட்டிவைத்துப் படமெடுத்து, கொன்றுவிட்டு, யாரோ கடத்திக் கொன்றதாக அவர் நாடகம் ஆடுகிறார். அந்தப் படத்தில் உள்ள கடிகாரம் இரண்டு மணி காட்டுகிறது. கொலம்போ படத்தை இடவலமாக மாற்றிப் பெரிதாக்கி, பத்து மணி என்று காட்டுகிறார். மூலப்படமும் கைதவறி அழிந்துவிட்டது என்கிறார். பதறிப்போன அந்த மனிதர், படத்தை எடுத்த கேமராவிலேயே நெகட்டிவ் இருக்கிறது என்று சொல்லி, வரிசையாக வைத்திருந்த பல கேமராக்களில் சரியான ஒன்றைத் தாமே எடுத்துவிடுகிறார். எந்தக் கேமரா என்பது கொன்றவனுக்கு மட்டுந்தானே தெரியும்? இங்கே கொலம்போ சொன்னது பொய். ஆனால் குற்றவாளியின் மனத்தில் இருந்த உண்மைதான் வெளியே வந்தது. இதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

1972-ல் இலண்டனில் நடப்பதாக வந்த கதை அப்படியன்று. கொலை நடந்தபோது ஒரு முத்துமாலை அறுந்து சிதறியது. ஒரு முத்து அந்தக் குடைக்குள் விழுந்திருக்க வேண்டும் என்கிறார் கொலம்போ; குடையை விரித்தால் முத்து இருக்கிறது. அதைக் குடைக்குள் சுண்டிப் போட்டவரே அவர்தான்! நம் ஆள் கெட்டிக்காரர் என்று சிலர் கை தட்டுகிறார்கள். போலீஸ்காரர் கையாலேயே தடயம் வைக்கலாமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நான் கேட்பவர்கள் பக்கம். அகப்பட்டவர்கள் உண்மையில் குற்றவாளிகள் என்பது நமக்குத் தெரியும், தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். வாழ்க்கையில் அப்படி முன்கூட்டிப் பார்த்தவர் எவர்? தடயம் வைக்கும் கை ஒரு நாள் மாளிகைக்குள் போகும். மறுநாள் வக்கீலுக்குப் பணமில்லாதவன் வீட்டுக்குள் போகும்.

இதைத் தொடரே இன்னொரு கதையில் காட்டிவிடுகிறது என்பதுதான் விசேஷம். 1974-ல் வந்த கதை. இதில் கொலையாளி போலீஸ் துணை ஆணையர், கொலம்போவின் மேலதிகாரி. பக்கத்து வீட்டுக்காரர் தம் மனைவியைக் கொன்றதை மறைக்க உதவுகிறார். பிறகு தம் மனைவியையும் கொல்கிறார். பழியை நகைத் திருடன் ஒருவன் தலையில் கட்டப் பார்க்கிறார். பழைய குற்றவாளி, ஏழை. அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆணையர் நகைகளைக் கொண்டுபோய் அவன் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, போலீஸ் படையோடு சோதனைக்கு வருகிறார். நகைகளும் அகப்படுகின்றன. அப்போது கொலம்போ சொல்கிறார்: இது அந்தத் திருடனின் வீடன்று, நான் வாடகைக்கு எடுத்த வீடு. அந்த விலாசத்தைக் கோப்பில் எழுதி வைத்ததும் நான்தான். அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

மேலதிகாரி சொன்னபடி கேட்டிருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை. திருடனுக்காகப் பரிந்து பேசவும் ஆளில்லை. அப்படியும் அவர் விடவில்லை. இந்தக் காட்சியைப் பத்துத் தடவை பார்த்தவர்களும் பதினோராம் தடவை பார்ப்பதில் எனக்கு வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவும் உண்டு. 1975-ல் வந்தது அது. ஜேனட் லீ நடித்த வயதான ஒரு திரைநட்சத்திரம், மறுபடி மேடையேறப் பணம் தர மறுத்த கணவரைச் சுட்டுவிடுகிறார். அந்த நேரத்தில் தம்முடைய பழைய படத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சாட்சியம். ஆனால் படம் ஓடவேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்திருக்கிறது. நடுவில் சுருள் அறுந்தபோது ஒட்டுவதற்கு அவர் அந்த அறையில் இல்லை. வழக்கு முடிந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு மூளையில் தீராத நோய். இன்னும் இரண்டு மாதம் இருந்தால் அதிகம். தாம் கொலை செய்ததே நினைவில் இல்லை. கணவர் பணம் தர மறுத்ததும் நோயை அறிந்துதான். முன்பு அவரோடு சேர்ந்து ஆடிய நடிகர் எழுந்து, நான்தான் கொன்றேன் என்கிறார். உங்கள் வாக்குமூலம் நிற்காது, உடைத்துவிடுவோம் என்கிறார் கொலம்போ. அதற்கு இரண்டு மாதம் ஆகலாம் அல்லவா என்கிறார் அவர். ஆகலாம் என்று கொலம்போ ஒப்புக்கொள்கிறார். அங்கே அந்த அம்மாள் தம் இளமைக்காலப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

சட்டப்படி இது தவறு என்று ஒரு சாராரும், இதைவிட வேறென்ன செய்ய முடியும் என்று மறுசாராரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து இந்தக் கதையைப் பார்க்க வாய்த்தால், படம் முடிந்ததும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு கட்சி எழும்.