ஒத்திகைக்கு முன் ஒரு பந்தி



மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வது ஒரு போர்வைக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்தின் வடபகுதியாகிய யோர்க்ஷயரில் டிசம்பர் மாதக் குளிர் அப்படிப்பட்டதல்ல. பிற்பகல் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அத்தகைய ஒரு குளிர்காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன், நான் அங்கே மாணவனாக இருந்தேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரி, கம்பளி ஆலையொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். ஊர்ச் சேர்ந்திசைக் குழுவில் நாற்பது ஆண்டுகளாகப் பாடிவந்தவர். கிழமைக்கு ஒருநாள் ஏழரை மணிக்கு ஒத்திகை. அன்றைக்கு மாலை ஐந்தரைக்கே குழு நண்பர்கள் மூவர் வந்துவிடுவார்கள்: பஸ் சாரதியாக இருந்த ஒரு முதியவர், தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர், தாதி ஒருத்தி. ஐந்தாவது கதிரை எனக்கு.

ஆட்டிறைச்சியும் கரட்டும் லீக்சும் பார்லியும் சேர்த்து, மத்தியானம் தொட்டு மெல்லிய நெருப்பில் கொதித்த குழம்பு. அதைத் தொட்டுச் சாப்பிட, சாரதியார் கொண்டுவரும் பாண். அவ்வளவுதான். அப்பிள் பணியாரம் ஒத்திகை முடிந்து வந்தபின்புதான். வயிறு முட்டினால், மூச்சை இயக்கும் பிரிமென்றகடு கீழே இறங்க இடமிராது; நீண்ட சுரத்தைப் பிடிக்க முடியாது. பசியோடு போனாலும் பாட்டு வராது. ஆகவே அரைவயிறு, இரண்டு மணிநேர இடைவெளி என்பது அந்த மேசையின் சட்டம்.

சாப்பாட்டையும் பாட்டையும் இப்படிச் சேர்த்தது அந்த அம்மையாரின் புதுமையல்ல. அதே நாட்டுப்புறத்தில், ஹடர்ஸ்பீல்ட் நகரத்துச் சேர்ந்திசைச் சங்கம் 1836ஆம் ஆண்டு ஒரு மதுச்சாலையிலேதான் தொடங்கியது. அங்கத்தவர்களுக்குப் பாணும் பாற்கட்டியும் பியரும் கொடுக்கவேண்டும் என்பது அதன் ஆதி விதிகளில் ஒன்று. முழுநிலவை ஒட்டிய வெள்ளிக்கிழமைகளில் கூடினார்கள். நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் அல்லவா? அக்காலத்தில் இத்தகைய குழுக்களில் பாடியவர்களிற் பலர் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும். ஐரோப்பிய இசைக்குறியீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, 1840களில் ஜோன் கர்வன் என்பவர், நோர்விச் நகர ஆசிரியை சேரா குளோவரின் முறையைத் தழுவி, ‘டோ, ரே, மீ’ என்ற எழுத்துக்களாலேயே பாட்டை எழுதும் வழியைப் பரப்பினார். நமது ‘ஸ’ எந்தச் சுருதியிலும் அமர்வதுபோல, அவருடைய ‘டோ’வும் எந்தச் சுருதியிலும் அமரும். அம்மையார் அந்த முறையைத் தாயிடம் கற்றவர். ‘ஸ ரி க ம’வை நான் சொல்லிக்காட்டியபோது, தூரத்து உறவினரைக் கண்டதுபோல மகிழ்ந்தார்.

அந்த டிசம்பரில் ஹேண்டலின் ‘மெசையா’வுக்கு ஒத்திகை நடந்தது. 1742இல் டப்ளின் நகரில் முதன்முதல் அரங்கேறி, கிடைத்த பணத்தைக் கடனுக்காகச் சிறையிருந்தோருக்கும் நோயாளருக்கும் கொடுத்த இசைநாடகம் அது.

ஒருநாள் குழம்பைப் பரிமாறியபின் அம்மையார் அமைதியாகச் சொன்னார்: “குழுத் தலைவர் என் குரலைச் சோதித்தார். நடுங்குகிறதாம். எனக்கும் தெரியும். நத்தாரோடு நிற்கிறேன்.”

கரண்டிகள் நின்றுவிட்டன. சற்றுப் பொறுத்து சாரதியார் பேசினார். சேர்ந்திசையில் ஒரு வழக்கமுண்டு. நீண்ட சுரத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டு மூச்செடுக்கமாட்டார்கள். ஒருவர் விட, பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்வார். கேட்பவருக்கு நாதம் அறுவதில்லை. அதை மனத்தில் வைத்து, “நீ இப்போது மூச்செடுக்கிறாய். நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்” என்றார்.

அம்மையார் சிரித்தார். “மூச்செடுப்பவர் திரும்பவும் உள்ளே வரவேண்டும். நான் வரமாட்டேனே” என்றார்.

அதற்கு எவரிடமும் மறுமொழி இருக்கவில்லை. கடைசியில் தாதிப் பெண்தான், “அடுத்த கிழமையும் ஐந்தரைக்குத்தானே சாப்பாடு?” என்று கேட்டாள். அம்மையார் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு சாரதியாரிடம் திரும்பி, “பாண் கொண்டுவர மறந்துவிடாதே” என்றார்.

மெசையாவை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து கேட்டேன். நூறு குரல்களில் அவருடைய குரலைப் பிரித்தறிய முயன்று தோற்றேன். தை மாதத்தில் நண்பர்கள் வழமைபோல வந்து உண்டு, ஏழு மணிக்குக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்கள். நாங்கள் இருவரும் கோப்பைகளைக் கழுவினோம். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவர் தமது பகுதியை, சொற்களில்லாமல், ‘டோ, ரே’ என்று மட்டும் மெதுவாக முணுமுணுத்தார். குரல் நடுங்கத்தான் செய்தது. நான் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

ஒன்பதரைக்கு அவர்கள் திரும்பினார்கள். பணியாரத்தைச் சாப்பிட்டபடி, எந்த இடத்தில் சுருதி இறங்கியது, எந்த இடத்தில் தாளம் பிசகியது என்று ஒன்றுவிடாமல் அவருக்கு ஒப்புவித்தார்கள். அவரும் கண்டிப்பாகத் திருத்தினார்.

நேயர்களே, ஆறுதல் வார்த்தைகள் செய்யமுடியாத காரியத்தை ஒரு சாப்பாட்டு நேரம் செய்ததை நான் அங்கே கண்டேன். குரல் போனது போனதுதான்; அதை எவரும் மறைக்கவில்லை. ஆனால் ஐந்தரை மணி ஐந்தரை மணியாகவே இருந்தது. கதிரைகளும் ஐந்தாகவே இருந்தன.