மேலே கும்பிடு, கீழே அடி

(தெல்தெனியவில் தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



"நாலு பேரைத் தூக்கில் போட்டால்தான் நாடு திருந்தும்" என்ற பேச்சு லயத்திலும் கேட்கிறது, தேத்தண்ணிக் கடையிலும் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று இன்று யோசிப்போம்.

ஹிட்லரின் கொடுமைக்குப் பிறகு, அடோர்னோ என்ற ஜெர்மன் அறிஞரும் வேறு மூவரும் அமெரிக்காவில் ஆராய்ந்து 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சிலரிடம் ஒரு மனப்போக்கைக் கண்டார்கள். மேலே இருப்பவருக்குக் கேள்வியில்லாமல் பணிவது, கீழே இருப்பவர் மீதும் வேற்று இனத்தார் மீதும் பாய்வது, எதற்கும் கடுந்தண்டனை கேட்பது. அடக்கி ஒடுக்கி வளர்ப்பதில் இது ஊறுகிறது என்றார்கள்.

நமக்கு இது புதிதா? துரை கணக்கப்பிள்ளையை ஏசுவார். கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி தொழிலாளியை. தொழிலாளி வீட்டுக்கு வந்து பிள்ளையை அடிப்பார்.

2018இல் இதே தெல்தெனியவில் என்ன நடந்தது? வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் இறந்தார். சந்தேக நபர்கள் ஏற்கனவே கைதாகியிருந்தார்கள். ஆனாலும் கும்பல்கள் இங்கும் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தன. திகனையில் எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலநிலை வந்தது. சிலர் செய்ததற்கு ஒரு சமூகமே தண்டிக்கப்பட்டது. 1977இலும் 1983இலும் நாமும் அப்படித்தான் அடிபட்டோம்.

1976க்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வரின் தூக்குக்குக் கையெழுத்திட்டதாக ஜனாதிபதி சிறிசேன அறிவித்தபோது நம்மிலும் பலர் கைதட்டினோம். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

கடுமையான சட்டம் முதலில் யார் தலையில் விழும்? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடலாம். 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். ஒழுங்கு காக்கிறோம் என்று சொல்லித்தான் இதையெல்லாம் செய்தார்கள்.

குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விசாரித்து, ஆதாரம் பார்த்து, செய்தவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்கிறோம். அந்தப் பழக்கம் நம் வீட்டிலும் தோட்டக் கமிட்டியிலும் தொடங்கட்டும். பிள்ளையை அடிக்குமுன் என்ன நடந்தது என்று கேளுங்கள். சங்கத் தலைவரிடமும் எழுந்து நின்று கணக்குக் கேளுங்கள்.