அட்டை ஓரத்து எண்



பிள்ளைக்குச் சளி என்று வாங்கிய சிரப்பில் பாதி தீர்ந்தது. மீதிப் பாட்டில், அடுத்த முறைக்கு ஆகட்டும் என்று அலமாரியில் நிற்கிறது. அது வந்த டப்பா அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. பல வீடுகளில் இப்படித்தான்.

2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் இறந்தன. அவர்களுக்குக் கொடுத்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, எஸ்.ஆர். 13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நச்சு அது. உடனே தடை வந்தது. கடையில் இருந்த பாட்டில்களை எடுக்கலாம். வீட்டு அலமாரியில் நிற்பதை யார் வந்து எடுப்பார்கள்?

திரும்பப் பெறும் உத்தரவு கம்பெனியிலிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து மருந்துக் கடைக்கும் போகும். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். செய்தியில் காதில் விழுந்தாலும், நம் கையில் இருப்பது அந்தப் பேட்ச்தானா என்று பார்க்க அந்த எண் நம்மிடம் இருக்க வேண்டுமே!

என் அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். இப்போது முழு அட்டையாகவே வாங்குகிறோம். எண் இருக்கும் பக்கத்தைக் கடைசி மாத்திரை வரை பிய்ப்பதில்லை. பில்லையும் கேட்டு வாங்குகிறோம். அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுகிறோம்.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் தன் இணையதளத்தில் போடுகிறது. பெயர், பேட்ச் எண், தயாரிப்பாளர் எல்லாம் அதில் உண்டு. வீட்டில் செல்போன் பார்க்கத் தெரிந்த பிள்ளையிடம் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்டன. சீனத் தொழிற்சாலை ஒன்றின் மூலப்பொருளில், புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாகக் கருதப்படும் மாசு கலந்திருந்தது. அப்போதும் அமெரிக்க மருந்து நிர்வாகம் நோயாளிகளிடம் சொன்னது, மாற்று மருந்து கைக்கு வரும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றுதான். ரத்த அழுத்தம் திடீரென ஏறினால் ஆபத்து அன்றைக்கே வந்துவிடும். அதனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாமல், அட்டையோடு டாக்டரிடம் போங்கள். சளி மருந்து அப்படியல்ல; சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுகூடக் கொடுக்க வேண்டாம்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் தெரிவிக்க, அரசின் கட்டணமில்லாத தொலைபேசி ஒன்று உண்டு. குறித்துக்கொள்ளுங்கள்: 1800 180 3024. பேனா எடுத்து வந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்: 1800 180 3024.