பரம்பரைக்கே கணக்கு வராதா?



"எங்க பரம்பரைக்கே கணக்கு வராது சார்!" பெற்றோர் கூட்டத்தில் இப்படிச் சொல்லும் அப்பாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. எந்த அளவுக்கு என்பதுதான் இன்றைய என் பேச்சு.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார், 3 முதல் 6 வயது வரையுள்ள 178 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இன்னும் கணக்குப் பாடமே தொடங்காத பிள்ளைகள். மரபணுக்களைப் பார்த்தார்கள், மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பொறுமையாகக் காத்திருந்து, இரண்டாம் வகுப்பில் அவர்கள் வாங்கிய கணக்கு மதிப்பெண்ணோடு அதை ஒப்பிட்டார்கள். 2020இல் முடிவு வெளியானது. ரோபோ1 என்று ஒரு மரபணு. பெயரைக் கேட்டு இயந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள்! கருவிலேயே மூளை நரம்புகள் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று வழிகாட்டுவது அது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னே, வலப்புறத்தில், எது அதிகம் எது குறைவு என்று அளவிடும் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது. ரோபோ1இல் காணும் சிறு வேறுபாடுகளுக்கேற்ப அந்தப் பகுதியின் பருமனும் மாறுகிறது.

அப்பா ஜெயித்துவிட்டார் என்று கைதட்டிவிடாதீர்கள். மதிப்பெண்ணில் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த ஏற்றத்தாழ்வில், அந்தப் பகுதியின் பருமன் விளக்கியது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான். மிச்சத்தை எல்லாம் வாத்தியார் தலையில் கட்டவும் முடியாது. வேறு மரபணுக்கள் உண்டு, வீடு உண்டு, வகுப்பறை உண்டு.

உண்மையிலேயே எண்கள் பிடிபடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிஸ்கால்குலியா என்கிறார்கள், நூற்றுக்கு 3 முதல் 6 பேர் வரை. மற்ற பாடங்களில் கெட்டிக்காரனாக இருப்பான். 7 பெரிதா 9 பெரிதா என்றால் தயங்குவான். அவனைச் சோம்பேறி என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறோமே, அது அநியாயம்!

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் குழுவினர், கணக்கில் பின்தங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று 8 வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். முன்னே, கணக்குப் போடும்போது அந்த மூளைகள் தேவைக்கு மேல் பாடுபட்டன. 8 வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில், மற்ற பிள்ளைகளின் மூளைக்கும் இவர்கள் மூளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மரபணு மாறவில்லை ஐயா, மூளை வேலை செய்த விதம் மாறியது! மருந்தா, மாத்திரையா? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்கால்குலியா பெயரோடு இருக்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டியது பள்ளியின் கடமை என்கிறது அதன் 16ஆம் பிரிவு. கல்வித் துறை அதிகாரிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் ஒன்றியத்தில் இதுவரை எத்தனை பிள்ளைகளைக் கண்டறிந்தீர்கள்? அந்தக் கணக்கைச் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.