சமையலறைப் பரணில் எது இருக்கலாம்?



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர் அடுப்படியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். களத்து மணி வீட்டுக்கு வந்தபின் கெட்டுப்போனால் பட்ட பாடெல்லாம் வீண்தானே. குதிர் வைத்திருந்த பழைய வீடுகள் குறைந்து, தொகுப்பு வீடு போன்ற சிறிய வீடுகள் பெருகிவிட்டன. சமையலறையில் இரண்டு கடப்பைக் கல் பலகை, மேலே ஒரு பரண், அவ்வளவே இடம். அரிசி, பருப்பு, அடுத்த பட்டத்து விதை, மிஞ்சிய யூரியா, தெளித்தது போக மீந்த மருந்து எல்லாம் அதில்தான் ஏறுகின்றன.

எதை எங்கே அடுக்குவது என்று யோசிக்கும் முன்பு, எதை வெளியேற்றுவது என்று பாருங்கள்.

முதலில் பூச்சிமருந்து. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. அது பருத்தி விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர்தான்.

சென்ற தை மாதம் நான் போன ஒரு வீட்டில், பரண்மேல் நல்லெண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு சோடா பாட்டில் இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் கைமாற்றாக வாங்கிய மருந்தாம். "பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் இந்த வீட்டில் பரண் ஒன்றுதானே சார்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. வயலுக்குப் போய்ப் பார்த்தோம். மோட்டார் அறைச் சுவரில் உயரமாக ஒரு பழைய தகரப் பெட்டியை அடித்துப் பூட்டுப் போட்டோம். மருந்து அதன் சொந்தப் பாட்டிலிலேயே, ஒட்டிய சீட்டோடு இருக்கட்டும். வேறு பாட்டிலில் ஊற்றித் தருவதும் வேண்டாம், வாங்குவதும் வேண்டாம். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைக்கவே கூடாது.

யூரியாவும் வெளியே போக வேண்டியதே. ஈரத்தை இழுக்கும், பார்வைக்கு உப்புப் போல இருக்கும். மருந்து கலந்து விதை நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் அதுவும் அடுப்படிக்கு வரக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவாகாது.

இவை போனபின் இடம் கொஞ்சம் தாராளமாகும். அடுத்து பயறு. பயறு வண்டு வீட்டில்தான் பிறக்கிறது என்று பலர் எண்ணுகிறோம். அது வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு மூட்டையோடு வந்துவிடுகிறது. மணியின்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஓட்டை போட்டு வண்டு வெளியே வரும். எனவே கடித்தால் "கடக்" என்று உடையும்வரை காயவைத்து, ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள். ஈரம் 10 சதத்துக்கு மேல் இருக்கலாகாது.

வீட்டுச் செலவுக்கு உள்ளதை உடைத்துப் பருப்பாக வைப்பது நல்லது. முழுப் பயறில் முட்டையிடுவதுபோல் உடைத்த பருப்பில் வண்டு அதிகம் இடுவதில்லை. தொலி போவதால் இடமும் மிச்சம். முழுசாகவே வைப்பதானால் கிலோவுக்கு 10 மில்லி சமையல் எண்ணெய் தடவுங்கள், அல்லது மேலே 3 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள். விதைப் பயறுக்கு 10 கிலோவுக்கு 100 கிராம் கிளர்வூட்டப்பட்ட களிமண் கலக்கலாம். அந்த டப்பாவில் "விதை" என்று எழுதிவிடுங்கள். விருந்தாளி வந்த அன்று விதை உளுந்து வடையான கதை என் வீட்டிலேயே நடந்ததுண்டு!

பாதி காலியான டப்பாவில் காற்றுதான் குடியிருக்கும். மாதம் ஒருமுறை சிறிய டப்பாவுக்கு மாற்றினால் பூச்சிக்கும் காற்றுக் குறையும், பலகையிலும் இடம் கிடைக்கும். பழையது முன்னே, புதியது பின்னே. அடுப்புக்கு நேர் மேலுள்ள பலகையில் ஆவி படும், பாத்திரம் மட்டும் வையுங்கள். மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ சாய்க்காமல் மரக்கட்டைமேல் ஏற்றுங்கள்.

நெல் தரிசு உளுந்து பங்குனியில் வீடு வரும். அதற்கு முன் ஒரு நாள் பரணைக் காலி செய்து, சுவர் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய சாக்கை உதறி, கொதிநீரில் முக்கி, நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள்.