அழித்த கோடும் பேசும்

ஓவியக் கூடத்துக்குச் செல்கிறோம். சுவரில் தொங்கும் படம் அசையாது நமக்காகக் காத்திருக்கிறது. இக்காலத்துக் கலைக்கூடங்களிலோ இருட்டறை ஒன்றும் இருக்கக் காண்கிறோம். அங்கே திரையில் ஓவியமே அசைகிறது. எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்கவில்லையே என்று நகர்ந்துவிடுகிறோம். அத்தகைய படைப்பைச் சுவைப்பது எவ்வாறு? ஒரு சான்று கொண்டு ஆராய்வோம்.

தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க் நகரில் 1955-ஆம் ஆண்டு பிறந்த ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். ‘நாடு நீங்கிய பெலிக்ஸ்’ எனத் தமிழில் கூறத்தக்க அவரது 1994-ஆம் ஆண்டுப் படம் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடுகிறது. வழக்கமான சித்திரப் படத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்கள் வேண்டும். கென்ட்ரிட்ஜின் வழி வேறு. பெரிய தாளொன்றில் கரித்துண்டால் ஒரு காட்சியை வரைகிறார். எதிரே நிற்கும் காமிராவிடம் நடந்து சென்று கணப்பொழுதுக்குப் படம் பிடிக்கிறார். திரும்பி வந்து, அதே தாளில் ஒரு கோட்டை அழித்து, சற்றே மாற்றி வரைகிறார். மீண்டும் காமிராவிடம் செல்கிறார்.

கரிக்கோடு முற்றிலும் அழிவதில்லை. கையால் துடைத்த சிலேட்டில் பழைய எழுத்து மங்கலாய்த் தெரியுமன்றோ? அதுபோல, அசையும் உருவத்தின் பின்னே சாம்பல் நிறத் தடம் நீள்கிறது. குறையென்று பிறர் நீக்கக்கூடிய அதனையே இவ்வோவியர் தம் பொருளாக்கிக்கொண்டார்.

பெலிக்ஸ் விடுதி அறையொன்றில் தனித்திருக்கிறான். அவன் பெட்டியிலுள்ள தாய்நாட்டு ஓவியங்கள் எழுந்து சுவரெங்கும் பரவுகின்றன. அவற்றில் நந்தி என்னும் கறுப்பினப் பெண், நில அளவைக் கருவி வழியே தன் நாட்டை நோக்குகிறாள். வெட்டவெளியில் மாண்டு கிடக்கும் உடல்களைச் செய்தித்தாள்கள் மூடுகின்றன. பின்னர் உடல்கள் மண்ணோடு மண்ணாகின்றன. இறுதியில் நந்தியும் சுடப்பட்டு நிலத்தில் கரைகிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியில் அவளைக் கண்ட பெலிக்ஸ், திறந்தவெளியில் தேங்கிய நீரில் தனியே நிற்கிறான்.

எல்லா இனத்தாரும் வாக்களித்த அந்நாட்டின் முதற் பொதுத் தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது. அதற்குச் சற்று முன் உருவான படம் இது. விடுதலையின் மகிழ்ச்சியில் மாண்டவர் மறக்கப்படுவரோ என்ற அச்சம் இதில் ஒலிக்கிறது. நிலம் தடத்தை மூடிவிடுகிறது. தாள் மூட மறுக்கிறது.

பிழைப்பை நாடி விரும்பியே வெளியூர் வந்த நாம் பெலிக்ஸ் அல்லோம். எனினும், ஊரைப் பெட்டியிலுள்ள சில படங்களாகவே வைத்திருப்பதும், அப்படங்கள் நாம் அறியாமலே அங்கு மாறிவிடுவதும் நமக்குப் புதியன அல்ல.

ஆகவே, இருட்டறைக்குள் இடையில் நுழைந்தாலும், படம் மீண்டும் தொடங்கும் வரை பொறுத்திருந்து முழுமையாகக் காண்போமாக. முதன்முறை உருவங்களைத் தொடர்வோம். மறுமுறை, அழித்த இடங்களைத் தொடர்வோம். அருகே மூலத் தாள்கள் மாட்டப்பட்டிருப்பின் அவற்றையும் நோக்குவோம். அவை ஒவ்வொரு காட்சியின் கடைசி நிலை மட்டுமே. அதற்கு முன்னிருந்த நிலைகளெல்லாம் திரையில்தான் உயிரோடு இருக்கின்றன.